எங்கிருந்து வருகிறது அந்தச் சத்தம்?

மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல, மோட்டார் சைக்கிளுக்கு மருத்துவம் பார்ப்பவர் அதன் ஓசையைப் பிடித்துப் பார்க்கிறார். நாடி தவறாகப் பிடிபட்டால் மருந்தும் தவறாகும். நல்ல நிலையிலுள்ள என்ஜினைப் பிரித்துப் போடும் வீண்செலவும் வந்து சேரும். சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையாரின் பட்டறையில் அப்படி ஒரு தவறு நேர இருந்தது. அது எவ்வாறு தவிர்க்கப்பட்டது என்பதை, இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில், என் சக மாணவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புல்லட் வண்டியை அறியாதவர் நம்மிடையே இரார். 1955-ஆம் ஆண்டில் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன் சென்னையில் தொடங்கப்பெற்ற தொழில், திருவொற்றியூரில் வேரூன்றி, பல பத்தாண்டுகள் அடிப்படை அமைப்பு மாறாமல் அந்த வண்டியைச் செய்துவந்தது. ஒரே சிலிண்டர், விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. நீண்ட காலம் மாறாதிருந்ததால் அதன் ஓசையும் மாறவில்லை. பழைய மெக்கானிக்குகளுக்கு அது மனப்பாடம். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "கனெக்டிங் ராடு போயிடுச்சு" என்று அப்பா பட்டறைக்குள்ளிருந்தே சொல்லிவிடுவார். நான் சிறுவனாக இருந்தபோது அதை ஒரு மந்திர வித்தை என்றே எண்ணியிருந்தேன்.

ஆனால் அன்று வந்தது சாதாரணப் புல்லட் அன்று. எங்கள் தொழிலில் அதற்கு 'ஆல்ட்டர் வண்டி' என்று பெயர். 1984-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கைப்பிடி உயர்த்தப்பட்டிருந்தது, பின் மட்கார்டு பாதியாக வெட்டப்பட்டிருந்தது, பின்சக்கரத்தில் தடித்த டயர், முன்னால் கனத்த இரும்புக் குழாயில் செய்த லெக் கார்டு, பழைய நீண்ட சைலன்சருக்குப் பதிலாகக் குட்டையான, ஆனால் கனமான வேறொரு சைலன்சர். (வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எல்லை வகுத்துள்ளது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.) இத்தகைய வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் வண்டியின் சத்தத்தை அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆல்ட்டர் வண்டிக்கு இணை கிடையாது. அது ஒன்றே ஒன்று. அதன் சரியான ஓசை எது என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டிக்குரியவர் சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் இளைஞர். தருமபுரிச் சாலையிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்து, "அண்ணே, என்ஜின்ல டிக் டிக்குன்னு ஒரு சத்தம். சேலத்துல காட்டினேன். பிஸ்டன் ஆடுது, பிரிச்சு ரீபோர் பண்ணணும்னு சொல்றாங்க" என்றார். அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் கேட்டார். ஒரு நீண்ட ஸ்குரு டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு, "இது டாப்பெட் தம்பி. என்ஜினைத் திறக்க வேண்டாம். சாயந்தரம் வந்து எடுத்துக்குங்க" என்றார்.

டாப்பெட் சரிசெய்வது புல்லட்டில் எளிய வேலை. சிலிண்டரின் வலப்பக்கத்திலுள்ள ஒரு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அவை விரலால் உருட்டினால் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அப்பா இதைச் செய்தார். மாலையில் வண்டி போயிற்று. மூன்றாம் நாள் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. மறுபடியும் டாப்பெட் சரிசெய்யப்பட்டது. மறுபடியும் வந்தது. வாடிக்கையாளர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்கண்ணே, அப்ப சேலத்துலயே திறந்து பார்த்துடறேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதைவிட அவர் கோபித்திருக்கலாம். அப்பா, "ரெண்டு நாள் வண்டி இங்கேயே நிக்கட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாட்களில்தான் நான் உள்ளே புகுந்தேன்.

கல்லூரியில் சுரமானி சோதனையை முடித்துவிட்டு வந்திருந்த புதிது. எங்கே பார்த்தாலும் எனக்கு ஒத்ததிர்வே தெரிந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நான்காம் கியரில் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம் வந்ததும், டிக் டிக் சத்தத்தோடு 'கிர்ர்ர்' என்று ஓர் அதிர்வும் சேர்ந்து கேட்டது. 60-ஐத் தாண்டினால் அது மறைந்தது. மூன்றாம் கியரில் அதே கிர்ர்ர் 40-லேயே வந்தது. இதில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. சத்தம் சக்கரத்தைச் சேர்ந்ததாக இருந்தால் எந்தக் கியரிலும் அதே வேகத்தில் வர வேண்டும். கியரை மாற்றும்போது வேகம் மாறுகிறதென்றால் அது என்ஜினின் சுழற்சியைப் பின்பற்றுகிறது என்று பொருள்.

எத்தனை சுழற்சி என்பதையும் கணக்கிட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காம் கியரில் பின்சக்கரத்தைக் கையால் உருட்டி எண்ணினால், சக்கரம் ஒருமுறை சுற்ற என்ஜின் ஏறத்தாழ 5.3 முறை சுற்றியது. டயரில் சாக்பீஸால் கோடிட்டுத் தரையில் உருட்டி அளந்தபோது சுற்றளவு 2.05 மீட்டர். 55 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 15.3 மீட்டர், ஆகவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 7.5 முறையும், என்ஜின் 40 முறையும் சுற்றுகின்றன. ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியை ஒருமுறை உதறுகிறது. வண்டியில் ஏதோ ஒரு பாகத்தின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 40-க்கு அருகில் இருக்கிறது. உதறலும் அதுவும் ஒத்துப்போகும்போது அப்பாகம் பாடுகிறது. ஒவ்வொன்றாகக் கையால் இறுகப் பிடித்துப் பார்த்தேன். லெக் கார்டைப் பிடித்ததும் பாட்டு நின்றது. அதற்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் துண்டை வைத்து இறுக்கியதும் 'கிர்ர்ர்' அடியோடு மறைந்தது.

வெற்றிப் பெருமிதத்துடன் அப்பாவை அழைத்தேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். 'டிக் டிக்' அப்படியே இருந்தது. நான் கண்டுபிடித்தது வேறு ஒரு சத்தத்தை! ஆல்ட்டர் வண்டிகளில் இது வழக்கம்: ஒன்றைத் தேடப் போனால் இன்னொன்று வந்து நிற்கும்.

பிறகுதான் எண்ணத் தொடங்கினேன். நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் பெட்ரோல் ஒருமுறை எரிகிறது. புகை ஒருமுறை வெளியேறுகிறது. நமக்குக் கேட்கும் 'டுப் டுப்' என்பது இரண்டு சுற்றுக்கு ஒன்று. இதுவே நம் கையிலுள்ள கடிகாரம். ஒரு 'டுப்'புக்கு இரண்டு 'டிக்' வந்தால் நோய் கிராங்கோடு ஒவ்வொரு சுற்றும் இயங்கும் பகுதியில் இருக்கலாம். ஒரு 'டுப்'புக்கு ஒரே 'டிக்' என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் செயல்களில், அதாவது வால்வு திறப்பது, எரிவது, புகை போவது ஆகியவற்றில் தேட வேண்டும். செல்போனில் 10 நொடி பதிவு செய்து, வேகத்தைக் கால்பங்காகக் குறைத்துக் கேட்டேன். 'டுப்' 80, 'டிக்' 80. ஒன்றுக்கு ஒன்று.

அப்பாவின் 'டாப்பெட்' முடிவு இதனோடு பொருந்துகிறது. டாப்பெட்டும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தட்டும். சேலத்தில் சொன்ன 'பிஸ்டன்' காரணமும் முற்றிலும் ஆதாரமற்றதன்று. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் அடிப்பது, பெட்ரோல் எரியும் வீச்சில்தான் பலமாகக் கேட்கும். என்ஜின் குளிர்ந்திருக்கையில் அதிகமாயும், சூடேறி பிஸ்டன் விரிந்தபின் குறைவாயும் கேட்கும். இந்தச் சத்தமும் சூடேறினால் குறைந்தது. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சத்தம் மறுபடியும் பலமாகக் கேட்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். அப்போது என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும். சூட்டில் அடங்கி, பாரத்தில் மீண்டும் எழும் சத்தம். டாப்பெட்டுக்கும் பொருந்தவில்லை, பிஸ்டனுக்கும் பொருந்தவில்லை.

விடை தற்செயலாகக் கிடைத்தது. அந்தக் காலத்துப் புல்லட்டில் டீகம்ப்ரஸர் என்றொரு லீவர் உண்டு. அதைப் பிடித்தால் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளியேறி என்ஜின் அணைந்துவிடும். அப்பா எப்போதும் அதைப் பிடித்தே வண்டியை நிறுத்துவார். அன்று அவர் லீவரைப் பிடித்த கணத்திலேயே 'டிக்' நின்றுவிட்டது. ஆனால் என்ஜின் உடனே நின்றுவிடவில்லை. வேகத்தின் மிச்சத்தில் இன்னும் சில சுற்றுகள் சுற்றியது. அந்தச் சுற்றுகளில் வால்வுகள் திறந்து மூடின, டாப்பெட்டுகள் ஏறி இறங்கின. சத்தம் மட்டும் இல்லை. அப்படியானால் அது இரும்பு இரும்பைத் தட்டும் சத்தம் அன்று. அழுத்தமுள்ள வாயுவின் சத்தம்!

புகை வெளியேறும் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். அது முழுவதும் பெண்ட் பைப்பின் வழியாகச் சைலன்சருக்குப் போக வேண்டும். பழைய புல்லட்டில் பெண்ட் பைப் என்ஜின் ஹெட்டின் துளைக்குள் வெறுமனே செருகப்பட்டு நிற்கிறது. அந்த இடத்தில் தலைமுடி அளவு சந்து இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் வாயு அதன் வழியே பீறிட்டு, தட்டுவது போன்ற கூரிய ஒலியை எழுப்பும். சூடேறும்போது உலோகம் விரிந்து சந்து குறுகும், ஒலி அடங்கும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது அழுத்தம் கூடும், ஒலி எழும். எல்லாம் பொருந்தியது.

ஒரு முழ நீளமுள்ள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைப் பெண்ட் பைப் சேரும் இடத்துக்கு அருகில் கொண்டுபோனேன். (உலோகச் சத்தத்துக்கு ஸ்குரு டிரைவர், காற்றுச் சத்தத்துக்கு ரப்பர் குழாய். ஸ்குரு டிரைவர் காற்றில் வருவதைக் கொண்டு வராது.) 'டிக்' என்று எண்ணியிருந்தது அங்கே 'டிஸ்... டிஸ்...' என்று கேட்டது. தட்டலின் வாலில் ஒரு சீறல். அப்பாவிடம் குழாயைக் கொடுத்தேன்.

"டிக்குன்னுதானே கேக்குது?" என்றார். "டாப்பெட் பக்கத்துலயே இருக்கு, அதான் இங்கேயும் கேக்குது."

"கடைசியில 'ஸ்'ஸுன்னு வருதுப்பா."

மறுபடியும் வைத்துக் கேட்டார். என்னைப் பார்த்தார். "இல்லையே" என்றார்.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, பத்தாண்டுகளாக நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பஞ்சர் பார்க்கும்போது மற்றவர்கள் டியூபைக் காதருகே கொண்டுபோய் 'ஸ்ஸ்' என்ற காற்றுக் கசிவைக் கேட்பார்கள். அப்பா மட்டும் டியூபைக் கன்னத்தருகே வைத்து மெல்ல உருட்டுவார். அது அவருடைய தனித்திறமை என்று நான் என் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. அவருக்கு அந்த 'ஸ்ஸ்' கேட்பதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்க வல்லது. உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பிலுள்ள நுண்மயிர்ச் செல்களே ஒலியை நரம்புக்கு அறிவிக்கின்றன. சம்மட்டி, கிரைண்டர் போன்றவற்றின் பேரோசையில் பல ஆண்டுகள் உழைப்பவர்களுக்கு அச்செல்கள் மடிகின்றன. மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பது தீங்கு என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ள அளவு. இதில் வியப்பு என்னவென்றால், கேடு எல்லா ஒலிகளையும் ஒருசேரத் தாக்குவதில்லை. முதலில் 4,000 அதிர்வு அளவிலுள்ள ஒலிகளையே தின்கிறது. கனெக்டிங் ராடின் 'தொம் தொம்' போன்ற தாழ்ந்த ஓசைகள் நெடுங்காலம் நன்றாகவே கேட்கும். ஆகவே பாதிக்கப்பட்டவருக்கே அது தெரிவதில்லை. அவருடைய பேரும் குறைவதில்லை. சீறல், கசிவு, 'ஸ்' என்ற எழுத்து இவை மட்டும் ஓசையின்றி விடைபெற்றுப் போய்விடுகின்றன. அப்பா காதில் விழுந்தது உண்மையிலேயே 'டிக்'தான். அவர் கேட்டதை வைத்து அவர் சொன்ன முடிவும் சரியே.

இதை நான் அப்போது அவரிடம் விளக்கவில்லை. "பெண்ட் பைப் கிட்ட கையை வச்சுப் பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். என்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். பைப் சூடேறுமுன் சில நொடிகளே கிடைக்கும் என்பதால் நான் கிக்கரை உதைக்க, அவர் புறங்கையைப் பைப்புக்கு ஓரங்குல தூரத்தில் பிடித்தார். பஞ்சர் டியூபைக் கன்னத்தில் உருட்டும் அதே முகபாவம். மெல்ல மேலிருந்து கீழே நகர்த்தி, அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அடிக்குதுடா" என்றார்.

பைப்பைக் கழற்றியதும், செருகும் முனையின் அடிப்பக்கத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு ஒன்று விரல் நீளத்துக்குத் தெரிந்தது.

சந்து எப்படி வந்தது? இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆல்ட்டர் வண்டியில் சத்தம் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியாக இதில் எதை மாற்றினீர்கள்?" என்பது. அப்பா அதைக் கேட்டார். "சைலன்சர்" என்ற விடையும் வந்தது. அந்தச் சைலன்சரை இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் பட்டறையிலேயே பொருத்தினோம். அதைத் தாங்கும் தகட்டில் துளை போட்டவன் நான். துளை ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது. வேறு தகடு வெட்டச் சோம்பி, ஒரு கடப்பாரையால் சைலன்சரை நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினேன். கனமான சைலன்சர் அன்று முதல் பெண்ட் பைப்பைக் கோணலாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சோதனைச்சாலையில் அளவு பிசகினால் கருவியைக் குறை சொல்வோமே, அதுபோல லெக் கார்டு, கியர், டயர் என்று எல்லாவற்றையும் ஐயுற்ற நான், என் கைவேலையை மட்டும் ஐயுறவில்லை. சொன்னபோது அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வேற தகடு வெட்டு" என்றார், அவ்வளவுதான்.

வேறு தகடு வெட்டினேன். இந்த முறை துளையை நீளவாக்கில் போட்டோம். சைலன்சர் தானாக நிற்கும் இடத்திலேயே போல்ட் விழும்படி. தேய்ந்திருந்த பைப் முனைக்கு லேத் பட்டறையில் மெல்லிய வளையம் ஒன்று கடைந்து ஏற்றினோம். கனத்தைத் தாங்க நடுவில் இன்னொரு பிடிப்பும் வைத்தோம். வண்டி அமைதியாயிற்று. வாடிக்கையாளர் தொப்பூர் ஏற்றம் ஏறி வந்து, "ரீபோருக்கு எடுத்து வச்ச காசு மிச்சம்ணே" என்று சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து, என் வற்புறுத்தலுக்காக, அப்பா அரசு மருத்துவமனைக்கு வந்து செவிச் சோதனை செய்துகொண்டார். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளந்து ஒரு வரைபடமாகத் தருகிறார்கள். 250, 500, 1,000 வரை கோடு ஏறத்தாழச் சமமாக வந்தது. 2,000-க்கு மேல் சரிந்து 4,000-இல் பள்ளமாக இறங்கி, 8,000-இல் சற்றே ஏறியது. பாடநூலில் இருக்கும் படத்தையே பார்ப்பதுபோல் இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தொப்பூர் இறக்கம் மாதிரி இருக்கே" என்றார்.

காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். "இதை மாட்டிக்கிட்டா வண்டி பேசறது எப்படிடா கேக்கும்?" என்று முதலில் மறுத்தார். கிரைண்டர் ஓடும்போதும் சம்மட்டி அடிக்கும்போதும் மட்டும் போட்டால் போதும், ஓசை கேட்கும் நேரத்தில் கழற்றிவிடலாம் என்று பேசி முடிவாயிற்று. இப்போது அது ஸ்பேனர்கள் தொங்கும் பலகையில் 12-ஆம் எண் ஸ்பேனருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமைகளில் நான் ஊருக்குப் போனால், சத்தம் புரியாத வண்டிகள் ஓரமாக நிறுத்தப்பட்டிருக்கும். ரப்பர் குழாய் என்னிடம், புறங்கை அவருடையது.